நேசரத்தினம் யாருடைய மாணவி

கல்லடி
12.6.1942

தங்கம்,

எங்களுக்கும் மாணவர்கள் வேண்டுமென்று நான் பெரிய டொக்டரிடம் கேட்டிருந்த காரியம் சரிவந்துவிட்டது. கொழும்பில் குண்டு விழுந்தபின் அங்கே ஆஸ்பத்திரியில் பாதி வாட்டுகள் பட்டாளத்துக்குப் போய்விட்டனவாம். மருத்துவக் கல்லூரியின் கடைசி வருட மாணவர்களை வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். எங்களுக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண்.

வந்த அன்றே டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், பிரசவம் பாத்துப் பழகாமல் இவங்களைச் சோதனைக்கு விடமாட்டாங்கள். உங்கட வாட்டுக்கு வாற தாய்மார் மூண்டு பேருக்குக் காணாதே?" என்றார்.

"என்ர தங்கச்சி ஓட்டமாவடியில மருத்துவிச்சியா இருக்கிறாள். அவள்ர நிலையத்தில எங்களிலும் கூடப் பிள்ளை பிறக்குது. ஒரு ஆளை அங்க விடுவம்" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இனி எங்கள் ஆஸ்பத்திரியும் உன் நிலையமும் சேர்ந்து மாணவர்களைப் பழக்குகின்றன என்று கல்லூரிக்கே எழுதிவிட்டார். யார் சொன்ன யோசனை என்று எழுதினாரோ தெரியாது. நீயாவது தெரிந்துகொள்.

உன் பக்கத்து முஸ்லிம் பெண்கள் ஆண்களைக் கிட்டவும் அண்ட விடமாட்டார்கள் என்பதால் பெண்ணை அனுப்புகிறேன். பெயர் நேசரத்தினம். பைபிளோடு வந்திருக்கிற யாழ்ப்பாணத்து வேதக்காரப் பிள்ளை, கொழும்பில் வளர்ந்தவள். கெட்டிக்காரி. அதனால்தான் சொல்கிறேன், அவள் என் மாணவி. அவளுக்கு நற்சாட்சி எழுதப் போவதும் நான்தான். பக்கத்தில் நின்று பார்க்க விடு. நான் சொல்லும்வரை பிறக்கும் பிள்ளையைப் பிடிக்க விடாதே.

ஆடி அமாவாசைக்கு இப்போதே லீவு கேட்டு வை. அப்பாவின் நினைவுக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாட வேண்டும். நீ இல்லாமல் ஒரு வருடமும் நான் போனதில்லை.

சீதேவிப்பிள்ளை


ஓட்டமாவடி
2.7.1942

அன்பான அக்கா,

உங்கள் மாணவி பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஸ்டேசனிலிருந்து பாலத்தைக் கடக்கிறதுக்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியும் நனைந்து, ஆளும் நனைந்து, ஆற்றில் விழுந்து எழும்பினவள் மாதிரி வாசலில் வந்து நின்றாள். என் மருதமுனைச் சேலையையும் சட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். "அளந்து தைச்ச மாதிரி இருக்கு" என்று அவளுக்கு ஒரே சந்தோசம்.

தனியறை இல்லாததால் என் அறையில்தான் படுக்கிறாள். விளக்கை அணைத்தபிறகும் கேள்வி கேட்பாள். குழந்தை குறுக்கே கிடந்தால் கையால் எப்படித் தெரியும், தாய்க்குக் காய்ச்சல் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்று ஓயமாட்டாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அவள் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வாள். இத்தனை வருடம் நான் தனியாக இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஹஸீனா என்று ஒரு பிள்ளை வருகிறாள். தலைச்சன், ஏழாம் மாதம். அவளுடைய உம்மா நபீஸா எங்களைச் சும்மா விடமாட்டா. முதல் நாள் நேசத்தைப் பார்த்துவிட்டு, "இது டொக்குத்தரா? மீன்முள்ளு மாதிரி இரிக்கி!" என்றா. இப்போது நேசம் கைவைத்துப் பார்த்தால்தான் மகளுக்குச் சோறு இறங்குகிறதாம்.

ஒன்று சொல்லவேண்டும், ஏசாதீர்கள். போன கிழமை ஒரு பிள்ளையை நேசம் தன் கையாலேயே பிடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். வெளியே வந்துதான் அழுதாள்.

உங்கள் முழங்கால் நோவு எப்படி?

தங்கம்


கல்லடி
10.7.1942

தங்கம்,

நீண்ட கடிதம். அதில் எனக்கென்று ஒரு வரி, அதுவும் முழங்காலுக்கு. மற்றதெல்லாம் நேசம். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, நேசரத்தினம் நேசமாகிவிட்டாள்.

அந்தச் சட்டை அவளுக்கு அளந்து தைத்ததல்ல. வாட்டு வேலை முடிந்து வந்து, கண் வலிக்க நான் உனக்குத் தைத்தது. கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பி வாங்கவேண்டாம்.

பிள்ளையைப் பிடிக்க விடாதே என்று எழுதியிருந்தேன். விட்டிருக்கிறாய். ஏதாவது பிழைத்திருந்தால் டொக்டர் கேட்பது உன்னையல்ல, என்னை. பிழைக்காததால் உனக்குப் பெருமை. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

இங்கே இருக்கிற இரண்டு பேரும் நான் வாட்டுக்குள் போனால் எழுந்து நிற்கிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள், நேரமானதும் போய்விடுகிறார்கள். நேற்று ஒருவன், "சிஸ்டர், ஓட்டமாவடியில நல்லாச் சொல்லிக் குடுக்கிறாங்களாம். நேசம் எழுதியிருக்கிறா. ஆம்பிளையளுக்கு அங்க இடமில்லையா?" என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

அவள் உனக்கு என்ன முறை? உன்னை எப்படிக் கூப்பிடுகிறாள்?

சீதேவிப்பிள்ளை


ஓட்டமாவடி
20.7.1942

அன்பான அக்கா,

ஏசுவீர்கள் என்று தெரியும். சட்டைக்கு ஏசுவீர்கள் என்று தெரியாது. அவள் துவைத்து மடித்து என் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். இரண்டு நாள் கட்டிய சேலைக்காக இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கவேண்டாம்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவள் என்னைத் தங்கக்கா என்கிறாள். ஊரார் போல மிஸ்ஸி என்று சொல்லச் சொன்னேன், கேட்கமாட்டாள். தன்னைவிட மூத்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது என்கிறாள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஹஸீனா. காலில் வீக்கம் தொடங்கியிருக்கிறது. நேசம் தான் கொண்டுவந்த சிறிய விளக்கில் அவளுடைய சிறுநீரைக் கொதிக்கவைத்துக் காட்டினாள். முட்டை வெள்ளை மாதிரித் திரண்டது. வலிப்பு வரக்கூடிய கேஸ், மாதம் முற்றுமுன் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நபீஸா முதலில் சம்மதிக்கவேயில்லை. "ஆம்புள டொக்குத்தர்மார்ர கையில எங்கட புள்ளயக் குடுக்க ஏலா" என்று எழும்பிப் போய்விட்டா. நேசம் பின்னாலேயே போய் அவவுடைய அடுப்படியில் உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசியிருக்கிறாள். தானும் ஸ்டேசனில் கோச்சியேறிக் கூட வருவதாகவும், பிள்ளை பிறக்கும் அறையில் தலைமாட்டில் தான் நிற்பதாகவும் சொன்ன பிறகுதான் அந்த மனுசி இறங்கினா. மருமகன் சாலிஹுக்கும் சம்மதம்.

ஆகவே அக்கா, ஹஸீனாவின் காரியம் முடியும்வரை நேசத்தை இங்கே விட்டுவையுங்கள்.

தங்கம்


கல்லடி
14.8.1942

தங்கம்,

அமாவாசையன்று விடியவே மாமாங்கக் குளத்தடிக்குப் போய்விட்டேன். சனம் நெரிந்தது. கோச்சியில் வந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். "நிலையத்தில் வேலை, வர முடியவில்லை" என்று நீ அனுப்பிய துண்டுக் கடிதம் வீட்டுக்கு வந்தபிறகுதான் கிடைத்தது. அப்பாவுக்காகத் தனியாக முழுகினேன். வேலையென்றால் வேலைதானே, நானும் இந்த உத்தியோகம் பார்க்கிறவள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று காலை என் வாட்டு மாணவன் சிரித்துக்கொண்டு வந்து, "சிஸ்டர், அமாவாசையண்டைக்கு நாங்கள் கல்குடாவுக்குக் கடல் பாக்கப் போனனாங்கள். உங்கட தங்கச்சி கடலில முழுகிக்கொண்டு நிண்டா. நேசம் கரையில துவாயோட நிண்டவ" என்கிறான்.

அப்பாவின் தீர்த்தம், தங்கம். உன் தலையைத் துவட்ட அவள். நான் இங்கே ஈரச் சேலையோடு தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இதற்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அறிவிக்கிறேன். நேசரத்தினத்துக்குச் சத்திரசிகிச்சைப் பழக்கம் போதாது என்று டொக்டரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமைக் கோச்சியில் அவள் இங்கே வரவேண்டும். இனி ஆண்கள் வாட்டில் காயங்களுக்குக் கட்டுப் போடப் பழகுவாள்.

சீதேவிப்பிள்ளை


ஓட்டமாவடி
17.8.1942

அக்கா,

அவளைக் கோச்சியேற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அமாவாசையன்று காலையில் ஒரு பிரசவம் இருந்தது. மாமாங்கத்துக்கு வந்து திரும்ப நேரமில்லை. அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமல் விட மனம் வரவில்லை, கல்குடாக் கடலில் முழுகினேன். தனியாகப் போகவேண்டாம் என்று நேசம் கூட வந்தாள். இதை முன்கூட்டியே எழுதாதது பிழைதான். எழுதினால் இப்படி ஆகும் என்று பயந்தேன். எழுதாமலும் ஆகிவிட்டது.

என்மேல் கோபமென்றால் என்னை ஏசுங்கள். ஹஸீனாவுக்கு இப்போது முகமும் வீங்கியிருக்கிறது, தலையிடிக்கிறது என்கிறாள். நேசம் போவதைக் கண்டு நபீஸா படலையைச் சாத்திவிட்டா. "கூட வாறன் எண்ட புள்ளயே போயிட்டுது. மறுகா அங்க எங்களுக்கு ஆரு இரிக்கா?" என்று உள்ளேயிருந்துதான் பதில் வந்தது.

ஒரேயொரு வரி எழுதி அனுப்புங்கள், அக்கா. ஹஸீனா வரும்போது நேசம் ஆண்கள் வாட்டிலிருந்து வந்து அந்த அறையில் நிற்பாள் என்று. அதை நான் நபீஸாவுக்கு வாசித்துக் காட்டுவேன். போகிற கையோடு கூட்டி வந்துவிடுவேன்.

தங்கம்


கல்லடி
19.8.1942

சின்னத்தங்கம்,

ஒரு வாட்டில் வேலைக்கு விட்ட மாணவியை இன்னொரு வாட்டுக்கு அழைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

என் பிரசவ வாட்டில் நான் இருக்கிறேன். நானும் பெண்தான். நீ படிக்கப்போகுமுன்னே பிள்ளை பிடித்தவள் நான். அது போதாதென்று அவர்கள் நினைத்தால், அவர்களுக்கு அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

சீதேவிப்பிள்ளை


கல்லடி
3.9.1942

தங்கம்,

நேற்று மத்தியானம் வலிப்பு வந்து, நீ சாமான் கோச்சியின் கார்டிடம் கெஞ்சி ஏற்றிவிட்ட ஹஸீனா உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன்.

ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டியில்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் காருக்குப் பெற்றோல் இல்லை. வண்டியிலேயே மறுபடி வலிப்பு. இறக்கும்போது நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். டொக்டர் கிட்டப் போனதும் நபீஸா மகளுக்குக் குறுக்கே விழுந்து தடுத்தா. "விடுங்கம்மா, நான் இரிக்கிறன்" என்று நான் கையைப் பிடித்தேன். என்னை யாரென்று அவவுக்குத் தெரியாது. பிடித்த கையைத் தட்டிவிட்டா.

ஆண்கள் வாட்டுக்கு நான்தான் ஓடினேன். முழங்காலைப் பற்றி நினைக்க நேரமில்லை. நேசரத்தினம் ஒருவனுடைய காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். "ஹஸீனாவா?" என்றாள், அவ்வளவுதான். அவள் அறைக்குள் வந்ததும் நபீஸா வழிவிட்டா.

தாயை மீட்டோம். பிள்ளை ஆண்பிள்ளை. வயிற்றிலேயே உயிர் போயிருந்தது. டொக்டர், "ஒரு கிழமைக்கு முந்திக் கொண்டந்திருந்தால் ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினார். யாரைக் குற்றம் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

சாலிஹ் பிள்ளையை வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டு இன்று பின்னேரக் கோச்சிக்குப் போனான். நீ ஸ்டேசனில் நின்றிருப்பாய், பார்த்திருப்பாய்.

ஹஸீனாவுக்கு நினைவு வந்திருக்கிறது, கண் தெரியவில்லை. சில நாளில் திரும்பும் என்கிறார் டொக்டர். "உம்மா, இன்னும் விடியல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சீதேவிப்பிள்ளை


ஓட்டமாவடி
8.9.1942

அக்காவுக்கு,

ஸ்டேசனில் நின்றேன். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். நல்ல வளர்ந்த பிள்ளை.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் எழுதியது ஐந்தாறு வரி இருக்கும். அதையே மாற்றி எழுதியிருந்தால் போதும்.

நேசம் என்னைத் தங்கக்கா என்று கூப்பிட்டது உங்களுக்குச் சுட்டது. அவளைப் போல நூறு பேர் என்னை அப்படிக் கூப்பிடலாம். நான் அக்கா என்று கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் இருந்தது. அது உங்களுக்குத் தெரியாமல் போயிற்றே.

நிலையத்து மருந்து விஷயமாக இனி டொக்டருக்கே நேரில் எழுதிக்கொள்கிறேன்.

சின்னத்தங்கம்


கல்லடி
25.10.1942

தங்கம்,

உன் கடிதத்துக்குப் பின் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "கிடைத்தது" என்று எழுதியிருந்தாய். அதுவாவது வந்ததே.

மாணவர்கள் மூவரும் போன கிழமை கொழும்புக்குப் போனார்கள். நேசரத்தினத்தின் நற்சாட்சியில், அவளைப் பழக்கியது ஓட்டமாவடி நிலையத்து மருத்துவிச்சி சின்னத்தங்கம் என்று எழுதி டொக்டரிடம் கையொப்பம் வாங்கினேன். என் பெயரைப் போடவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று நினைக்காதே. வயிறு எரிந்தது. எரிய எரியத்தான் எழுதினேன்.

தை மாதம் அடுத்த மாணவர்கள் வருகிறார்கள். உன்னிடம் வரும் பெண், தான் கவனித்த தாய் பிள்ளை பெறும்வரை உன்னோடுதான் இருப்பாள். தாயை இங்கே கொண்டுவந்தால் அவளும் கூட வந்து அறையில் நிற்பாள். இடையில் அவளை யாரும் திருப்பிக் கூப்பிட முடியாது, வாட்டு சிஸ்டர் உட்பட. இது இப்போது ஆஸ்பத்திரியின் ஒழுங்கு. "வாட்டு சிஸ்டர் உட்பட எண்டு ஏன் எழுதவேணும்? அது நீங்கள்தானே?" என்று டொக்டர் கேட்டார். "அதுக்குத்தான் எழுதச் சொல்லுறன்" என்றேன்.

அம்மா போனபின் உன்னை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வளர்த்தேன். படிக்க அனுப்பினேன், உத்தியோகத்துக்கு அனுப்பினேன். எங்கே போனாலும் நீ எனக்குத்தான் எழுதுவாய், எனக்குத்தான் ஓடி வருவாய். உன் பக்கத்தில் இன்னொருத்தி இருந்து உன் சிரிப்பைக் கேட்கிறாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னிடமிருந்து ஒரு மாணவியைப் பறிக்கிறேன் என்று நீ நினைத்தாய். அவளிடமிருந்து உன்னைப் பறிக்கப் பார்த்தேன். குறுக்கே ஒரு பிள்ளை கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்றில்லை.

அக்கா


ஓட்டமாவடி
18.7.1943

அன்பான அக்கா,

இத்தனை மாதமும் உங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. எழுதப் பேனையை எடுத்தால் அந்த வெள்ளைத் துணிதான் கண்ணில் வரும். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

நேற்று நபீஸா ஹஸீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், ஆறாம் மாதம். கண் முந்தியைப் போலவே நன்றாகத் தெரிகிறது. நான் கையைப் பிடித்து, இந்த முறை சுணங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். நபீஸா என்னைப் பேச விடவில்லை.

"போறதுதானே. ஆனா ஒண்டு மிஸ்ஸி, உங்கட ராத்தா நிண்டாத்தான் போவம்" என்றா. அக்காவைத்தான் அவர்கள் ராத்தா என்கிறது, உங்களைத்தான் சொன்னா.

எனக்கு விளங்கவில்லை. புதிதாக வந்திருக்கிற மாணவி கூட வருவாள், அறையிலும் நிற்பாள் என்றேன். "அந்தப் புள்ளயும் வரட்டும். எங்களுக்கு ராத்தா வேணும்" என்றா மறுபடியும்.

பிறகுதான் எல்லாம் சொன்னா. ஹஸீனாவுக்குக் கண் தெரியாமல் கிடந்த நாட்களில், வேலை நேரம் முடிந்தபிறகும் நீங்கள் போகாமல் இருந்தீர்களாம். உங்கள் கையால் சோறு தீத்தினீர்களாம். பிள்ளை இல்லை என்பதை நபீஸாவால் சொல்ல முடியாமல் இருந்தபோது நீங்கள்தான் சொன்னீர்களாம். "சொல்லிப்போட்டு என்ர மகள்ர கையப் புடிச்சி மாப்புக் கேட்டவ. அந்த டொக்டர் புள்ளய உங்களிட்ட இரிந்து கூப்பிட்டது நான்தான், என்ர பொறாமையில கூப்பிட்டன் எண்டு. நான் ஏசினன் மிஸ்ஸி, வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினன். எழும்பிப் போகல்ல. ஏச்சைக் கேட்டுக்கொண்டே புள்ளைக்குத் தலை வாரினவ. பெரிய ஆக்கள் ஆரு எங்களிட்ட வந்து அப்பிடிச் சொல்லுவா?" என்றா.

எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இதில் ஒரு சொல்லையும் நீங்கள் எழுதவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதோடு இன்னொன்றும் வந்தது, சிரிக்காதீர்கள். ஹஸீனாவைத் தலைச்சன் பிள்ளையிலிருந்து பார்க்கிறவள் நான். அவளுக்கு இப்போது ராத்தா வேண்டுமாம். பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கக் கைவைத்தால், "ராத்தா பாத்தா நோவாது" என்கிறாள். எனக்கும் எரிகிறது, அக்கா.

நேசம் சோதனை பாசாகிவிட்டாள். புரட்டாதிக் கடைசியில் லீவில் வருகிறாள். ஹஸீனா, நேசம், நான் மூன்று பேரும் நபீஸாவும் அந்த நேரம் உங்களிடம் வந்துவிடலாமா? மாதம் முற்றுமுன் வரவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் தங்கம்


கல்லடி
21.7.1943

தங்கம்,

வரச் சொல். புரட்டாதி வரை பார்க்கவேண்டாம், அடுத்த கிழமையே ஒருமுறை கொண்டுவந்து டொக்டரிடம் காட்டு. அறைக்குள் திரை கட்டி நானும் நிற்கிறேன். உப்பைக் குறைக்கச் சொல். கருவாடு ஒரு துண்டும் வாயில் வைக்கக்கூடாது. நபீஸா என்னை மறுபடி ஏசவேண்டுமென்றால் வந்து ஏசட்டும்.

உனக்கு எரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைப் பலமுறை வாசித்தேன்.

புரட்டாதியில் நேசரத்தினத்தையும் கூட்டி வா. ஸ்டேசனுக்கு நான் வருகிறேன். ஆனால் ஒன்று, கோச்சி வந்து நின்றதும் நீ முதலில் இறங்கு.

அக்கா